52 லட்சம், 14 மாதம் என்கிறார்கள்: சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) பயிற்சிக்கு எதைப் பார்த்துப் பணம் கட்டுவது?

திண்டுக்கல்_அப்பா (கேள்வி)

வணக்கம். மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடிக்கிறாள். இயற்பியல், கணிதம் இரண்டும் உண்டு. ஏர்லைன் பைலட் ஆக வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். மூன்று வழிகளை விசாரித்தோம்.

ஒன்று, உள்நாட்டுப் பயிற்சிப் பள்ளி. 200 மணி நேரப் பறப்பு, 14 மாதம், 52 லட்சம். மொத்தமாகக் கட்டினால் 2 லட்சம் குறைப்பதாகச் சொல்கிறார்கள். இரண்டாவது, அமெரிக்காவில் பயிற்சி, 10 மாதத்தில் முடியும் என்கிறார்கள். மூன்றாவது, ஒரு ஏர்லைனின் கேடட் திட்டம் (ஏர்லைனே மாணவரைத் தேர்ந்து பயிற்சிக்கு அனுப்புவது), டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி) சேர்த்து ஒரு கோடியைத் தாண்டுகிறது.

கையில் 22 லட்சம் இருக்கிறது. அடமானம் வைக்க ஒரு வீட்டு மனை உண்டு. மீதிக்குக் கடன்தான். செலவையும் காலத்தையும் எப்படி எடைபோடுவது, முதல் ரூபாயை எங்கே கட்டுவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

---

நேவிகேஷன்_வகுப்பு

சார், முதல் ரூபாய் பள்ளிக்குப் போகக் கூடாது, டாக்டருக்குப் போக வேண்டும். டிஜிசிஏ (விமானத் துறையை நெறிப்படுத்தும் மத்திய அரசு அமைப்பு) அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2 மெடிக்கல் (முதல் கட்ட உடல்தகுதிச் சான்று), அது கிடைத்ததும் கிளாஸ் 1-க்கு விண்ணப்பம். சிபிஎல்லுக்குக் கிளாஸ் 1 கட்டாயம். நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் பெங்களூரு ஏரோஸ்பேஸ் மெடிசின் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போவார்கள். இடம் கிடைக்கச் சில வாரம் ஆகும். ஈசிஜி, காது, கண், ரத்தம் என்று எதிலாவது ஒன்று இடறினால் 'தற்காலிகத் தகுதியின்மை' என்று எழுதி, மறுபரிசோதனைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வைப்பார்கள். நிறக்குருடு இருந்தால் வழியே அடைபட்டுவிடலாம். பத்து லட்சம் அட்வான்ஸ் கட்டிய பிறகு இது தெரிய வருவதுதான் இந்தத் துறையில் நடக்கும் மிகக் கொடுமையான விஷயம். கிளாஸ் 1 கையில் வரும்வரை எந்தப் பள்ளிக்கும் பெரிய தொகை கட்டாதீர்கள்.

இரண்டாவது, கம்ப்யூட்டர் நம்பர். டிஜிசிஏ தேர்வு எழுத இது வேண்டும். இதற்குப் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் உண்மைத்தன்மையைச் சரிபார்த்த சான்று கேட்பார்கள். பட்டியல் வந்த வாரமே இந்த வேலையைத் தொடங்குங்கள். பெயரின் இனிஷியல் ஆதாரில் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி இருந்தால் அங்கேயே ஒரு மாதம் போய்விடும். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கிறது. பாஸ்போர்ட், ஆதார், மதிப்பெண் பட்டியல் மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

மூன்றாவது, தேர்வுகள். ஏர் நேவிகேஷன், மெட்டியராலஜி (வானிலை, சுருக்கமாக மெட்), ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். இவற்றோடு ரேடியோவில் பேசுவதற்கான ஆர்டிஆர் தேர்வு. நேவிகேஷனும் மெட்டும்தான் அதிகம் பேரைத் தடுப்பவை. தொடர்ந்து படித்தால் நாலிலிருந்து ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் எழுதிவிடலாம்.

பறக்கத் தொடங்கும் முன்பே இவற்றை முடித்துவிடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளி விடுதியில் இருந்துகொண்டே படித்து எழுதலாம் என்று நினைத்துப் போகிறவர்கள், காலையில் விமானத்துக்காக ரேம்ப்பில் (விமானங்கள் நிற்கும் இடம்) காத்திருந்து, மாலையில் களைத்துப் போய் புத்தகத்தைத் தொடுவதில்லை. தேர்வு தவறினால் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்க வேண்டும். 200 மணி நேரம் முடித்தும் மெட் பேப்பர் ஒன்று பாக்கி என்று லைசென்ஸ் வாங்க முடியாமல் நிற்கிறவர்கள் நிறைய. தரை வகுப்பை ஊரில் இருந்தோ ஆன்லைனிலோ முடித்தால் விடுதிச் செலவும் மிச்சம்.

இந்தக் கட்டம் முழுக்கச் சேர்த்தாலும் பறக்கும் செலவில் சிறு பங்குதான். இதிலேயே அவளுக்கு இந்தப் படிப்பு ஒத்துவருகிறதா என்பது தெரிந்துவிடும்.

---

ஹேங்கர்_நிழல்

மேலே சொன்னது சரி. நான் அந்த '14 மாதம்' பற்றி மட்டும் சொல்கிறேன். செலவு ஏறுவதும் இறங்குவதும் அதில்தான்.

14 மாதத்தில் 200 மணி என்றால் மாதம் 14 மணிக்கு மேல் பறக்க வேண்டும். பள்ளியிடம் எத்தனை விமானம் என்று கேட்காதீர்கள், இன்று காலை எத்தனை பறந்தன என்று கேளுங்கள். எட்டு விமானம் இருக்கும், ஐந்துதான் பறக்கும் நிலையில் இருக்கும். ஒரு விமானம் மாதம் 60 மணி பறந்தால் ஐந்தும் சேர்ந்து 300 மணி. பறக்கும் கட்டத்தில் 45 மாணவர்கள் இருந்தால் தலைக்கு 6.7 மணி. 200 மணிக்கு 30 மாதம் ஆகும். அதே விமானங்களுக்கு 25 மாணவர்கள் என்றால் தலைக்கு 12 மணி, 17 மாதத்தில் முடியும். அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கும் காலத்தை விட இந்த வகுத்தல் கணக்குதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

விமானம் ஏன் நிற்கிறது? 50 மணிக்கு ஒரு பராமரிப்பு, 100 மணிக்குப் பெரிய பரிசோதனை. உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தால் வாரக்கணக்கில் ஹேங்கரிலேயே கிடக்கும். செஸ்னா 172 போன்றவற்றில் வரும் லைகமிங் இன்ஜினுக்கு 2,000 மணியில் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துச் சரிசெய்வது). அந்த மணியை நெருங்கும் இன்ஜின்கள் எத்தனை, மாற்று இன்ஜின் கைவசம் உண்டா என்று கேட்கலாம், கேட்க வேண்டும்.

பருவநிலையும் இடத்துக்கு இடம் மாறும். மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. உத்தரப் பிரதேசத்தில் டிசம்பர், ஜனவரியில் மூடுபனி, காலை ஸ்லாட் எல்லாம் போய்விடும். நம் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சேலம் விமான நிலையத்தில் பயிற்சிப் பள்ளிக்கு 2022-ல் இடம் ஒதுக்கினார்கள், வீட்டுக்குப் பக்கம் என்று நினைத்தால் அதையும் போய்ப் பாருங்கள். ஆனால் பக்கம் என்பதற்காக மட்டும் சேராதீர்கள். மழைக்காலம் தொடங்கும் மாதத்தில் சேர்ந்தால் தனியாகப் பறக்கும் முதல் கட்டம் துண்டு துண்டாகிவிடும். இரண்டு வாரம் இடைவெளி விட்டால் லேண்டிங் கை மறந்துபோகும், பிறகு பயிற்றுநரோடு கூடுதல் மணி. அந்த மணிக்குத் தனிக் கட்டணம்.

பயணிகள் விமானம் அதிகம் வரும் நிலையம் என்றால் இன்னொன்று. மீட்டர் விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து ஓடும். டாக்ஸிவேயில் கால் மணி நேரம் நின்றாலும் அதுவும் கணக்கில் சேரும். லாக்புக்கில் (பறந்த மணியைப் பதியும் ஏடு) மணி ஏறும், கற்றது ஒன்றும் இருக்காது.

இப்போது விதியின் கணக்கு. 200 மணியில் 100 மணி பைலட் இன் கமாண்டாக (விமானத்துக்குத் தானே பொறுப்பாக) இருக்க வேண்டும். ஐஆர் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) வேண்டுமென்றால் கமாண்டாக 50 மணி கிராஸ் கன்ட்ரி (ஊர் விட்டு ஊர் பறப்பது), அதோடு 40 மணி இன்ஸ்ட்ருமென்ட். இந்த 40-ல் 20 வரை சிமுலேட்டரில் செய்யலாம். 300 நாட்டிகல் மைல் பயணம் ஒன்று, இரண்டு வேறு நிலையங்களில் முழுதாக இறங்கி. இரவில் 5 மணி, 10 டேக்ஆஃப், 10 லேண்டிங். பொதுவாக 185 மணி ஒற்றை இன்ஜினிலும் 15 மணி இரட்டை இன்ஜினிலும் பறப்பார்கள்.

பலர் சிக்குவது கடைசிக் கட்டத்தில்தான். விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் 15 மணி கமாண்டாகப் பறந்திருக்க வேண்டும். பகல் 250, இரவு 120 நாட்டிகல் மைல் கிராஸ் கன்ட்ரி சோதனைகளும் பிற பறப்புத் தேர்வுகளும் அந்த ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். பள்ளியில் இரட்டை இன்ஜின் விமானம் ஒன்றே ஒன்று இருந்து அது ஹேங்கரில் கிடந்தால், 185 மணி முடித்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். நிற்கும்போது ஆறு மாதம் தாண்டும். தாண்டியதும் சோதனைகளை மறுபடி பறக்க வேண்டும், காசும் மறுபடி. இரவு விளக்கு இல்லாத நிலையங்களில் இரவுப் பறப்புக்கு வேறு ஊருக்கு அனுப்புவார்கள், அங்கேயும் இதே காத்திருப்பு. ஆகவே நேரில் போகும்போது இரண்டு கேள்வி: இரட்டை இன்ஜின் எத்தனை, இரவுப் பறப்பு எங்கே?

டிஜிசிஏ பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கியிருக்கிறது. முதல் பட்டியல் 2025 அக்டோபரில் வந்தது. ஏ பிளஸ் பிளஸ், ஏ பிளஸ் இரண்டிலும் ஒரு பள்ளி கூட வரவில்லை. அந்தப் பட்டியலைப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். கடைசியாக லைசென்ஸ் வாங்கிய ஐந்து மாணவர்களின் முதல் பறப்புத் தேதியையும் 200 மணி முடித்த தேதியையும் கேளுங்கள். காட்டத் தயங்கும் பள்ளியை விட்டுவிடலாம்.

---

கடன்_மேசை

அண்ணே, பணக் கணக்கு என் பங்கு.

பைலட் பயிற்சி கல்விக்கடன் திட்டத்தில் வரும், பள்ளி டிஜிசிஏ அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். இந்தத் தொகைக்கு அடமானம் கேட்பார்கள். மனைக்குப் பட்டா, வில்லங்கச் சான்று, அப்ரூவல் எல்லாம் சுத்தமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்ரூவல் இல்லாத மனையை வங்கி எடுக்காது. பயிற்சித் தேதியை முடிவு செய்யும் முன் லீகல் ஒப்பீனியன் வாங்கிவிடுங்கள்.

உதாரணத்துக்கு 50 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 10 வருடம் என்று வையுங்கள். இஎம்ஐ ஏறக்குறைய 68,900. ஆனால் நீங்கள் கட்டப்போவது இது இல்லை. பயிற்சிக் காலத்திலும் அதன் பிறகு இஎம்ஐ தொடங்காத விடுப்புக் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் வருடம் தவணை தவணையாக எடுத்தால் சராசரி 25 லட்சத்துக்கு 2.75 லட்சம் வட்டி. அடுத்த இரண்டு வருடம் தலா 5.5 லட்சம். மூன்று வருடத்தில் 13.75 லட்சம் சேர்ந்து அசல் 63.75 லட்சமாக நிற்கும். இஎம்ஐ 87,800 ஆகிவிடும். 15 வருடமாக நீட்டினால் 72,500 அளவில் வரும். முடிந்தால் பயிற்சிக் காலத்திலேயே மாத வட்டியைக் கட்டிவிடுங்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரியும். பயிற்சி ஒரு வருடம் தள்ளிப்போனால் வட்டி மட்டும் 5.5 லட்சம். அதனால் 4 லட்சம் அதிகம் கேட்டாலும் சொன்ன காலத்தில் முடிக்கும் பள்ளிதான் உங்களுக்கு மலிவு. அடுத்தது, அந்த 2 லட்சம் தள்ளுபடி. முழுத் தொகையையும் முதல் நாளே எடுத்தால் முதல் வருட வட்டி 2.75-க்குப் பதில் 5.5 லட்சம். அதாவது 2 லட்சம் மிச்சம் பிடிக்க 2.75 லட்சம் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். அது மட்டுமில்லை. பள்ளி பாதியில் நின்றாலும், விமானங்கள் முடங்கினாலும், உங்கள் பணம் அவர்களிடம் மாட்டிக்கொள்ளும். தவணையை மாதத்தோடு இணைக்காதீர்கள், பறந்த மணியோடு இணைக்கச் சொல்லுங்கள்: 40 மணி முடிந்ததும் அடுத்த தவணை, 80 முடிந்ததும் அடுத்தது என்று. வங்கியும் பள்ளி தரும் டிமாண்ட் லெட்டர் (பணம் கேட்கும் கடிதம்) பார்த்து நேரே பள்ளிக்குத்தான் அனுப்பும், அதனால் இது நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: எரிபொருள் விலை ஏறினால் யார் தலையில், 200-க்கு மேல் போகும் மணிக்கு என்ன விலை, தேர்வு தவறினால் மறு பறப்புக்கு எவ்வளவு, லேண்டிங் கட்டணமும் தேர்வாளர் கட்டணமும் உள்ளே இருக்கிறதா, விடுதி எத்தனை மாதத்துக்கு. 52 லட்சம் என்பது இவையெல்லாம் வெளியே நிற்கும் தொகையாக இருக்கலாம். விலகினால் மீதி மணிக்குப் பணம் திரும்ப வருமா, எத்தனை நாளில் என்பதும் எழுத்தில் வேண்டும்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை. டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் நடத்தும் அங்கீகரிக்கப்பட்ட பறப்புப் பயிற்சிக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2024 செப்டம்பர் கவுன்சில் கூட்டத்தில் தெளிவுபடுத்தி, அக்டோபரில் சுற்றறிக்கையும் வந்தது. கொட்டேஷனில் 18 சதவீதம் சேர்த்திருந்தால் எந்தச் சேவைக்கு என்று எழுதிக் கேளுங்கள். 52 லட்சத்தில் அது சிறிய தொகை இல்லை.

வெளிநாடு என்றால், சொந்தப் பணத்தில் வருடத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் அனுப்பும்போது டிசிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். வங்கியின் கல்விக்கடனிலிருந்து போனால் அது இல்லை. டாலர் ஏறினால் வரும் சுமை உங்களுடையது.

---

திண்டுக்கல்_அப்பா

மிக்க நன்றி. தள்ளுபடிக் கணக்கு கண்ணைத் திறந்தது. அமெரிக்கா, கேடட் திட்டம் இரண்டையும் பற்றி யாராவது சொல்ல முடியுமா? டைப் ரேட்டிங்கை இப்போதே திட்டத்தில் சேர்க்க வேண்டுமா? இன்னொன்று, மகள் கண்ணாடி போடுகிறாள், பவர் மைனஸ் 1.5. எங்கோ கேள்விப்பட்டு, லேசிக் (பவரைச் சரிசெய்யும் லேசர் கண் அறுவை) செய்துவிடலாம் என்கிறாள்.

---

வலது_இருக்கை

அமெரிக்காவின் பலம் விமான எண்ணிக்கையும் வானிலையும். 10 மாதத்தில் முடிப்பது அங்கே நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்த 10 மாதத்தில் விசா நேர்காணலும், திரும்பி வந்து அதை இந்திய லைசென்ஸாக மாற்றும் வேலையும் சேரவில்லை. அங்கே வாங்கும் லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. டிஜிசிஏ தேர்வு, ஆர்டிஆர், கிளாஸ் 1, அமெரிக்க அதிகாரிகளிடமிருந்து லைசென்ஸ் சரிபார்ப்பு, பிறகு இங்கே சில சோதனைப் பறப்புகள் எல்லாம் உண்டு. அதற்கும் இதே உள்நாட்டுப் பள்ளிகளில் இரட்டை இன்ஜினுக்கு வரிசையில் நிற்க வேண்டும். நாலு மாதமும் சில லட்சமும் கூடுதலாக ஒதுக்கிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள்.

பெரிய பொறி லாக்புக்கில் இருக்கிறது. அமெரிக்க விதியில் பார்ட் 141 (அரசு அங்கீகரித்த பாடத்திட்டம்) பள்ளியில் 190 மணியில் கமர்ஷியல் லைசென்ஸ் கிடைக்கும், பார்ட் 61-ல் (அந்தத் திட்டம் இல்லாத பொது விதி) 250. பயிற்றுநர் பக்கத்தில் இருந்தாலும் சில நேரங்களில் அங்கே பைலட் இன் கமாண்ட் என்று எழுதலாம். செலவைப் பகிர்ந்துகொண்டு இரண்டு மாணவர்கள் ஒரே விமானத்தில் பறந்து, ஒருவர் சேஃப்டி பைலட்டாக (மற்றவர் கருவிகளைப் பார்த்துப் பறக்கும்போது வெளியே கவனிப்பவர்) இருவருமே மணி எழுதுவதும் அங்கே சட்டப்படி சரி. டிஜிசிஏ அப்படிப் பார்க்காது. பயிற்றுநரோடு பறந்தது டூயல், அவ்வளவுதான். 190-ல் முடித்துத் திரும்பி, கமாண்ட் மணி 100-க்குக் குறைகிறது என்று இங்கே வந்து தெரிந்தால், மீதியை இந்திய விலையில் பறக்க வேண்டும். அங்கே போனால் முதல் நாளிலிருந்தே டிஜிசிஏ கணக்குக்குத் தனிப் பத்தி வைத்து எழுதச் சொல்லுங்கள். டிஜிசிஏ தேர்வுகளை எழுதிவிட்டே விமானம் ஏறட்டும்.

கேடட் திட்டத்தில் நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது வரிசையில் ஓர் இடத்துக்கு. அந்தக் காசு வீண் இல்லை. ஆனால் கையில் வருவது வேலை உத்தரவா, அல்லது நிபந்தனையோடு கூடிய விருப்பக் கடிதமா என்பதைப் பாருங்கள். 'காலியிடம் இருந்தால்' என்ற சொல் எங்கே இருக்கிறது, பாண்ட் எத்தனை வருடம், நடுவில் ஒரு தேர்வு தவறினால் எத்தனை வாய்ப்பு, வெளியேற்றினால் பணம் என்ன ஆகும். இந்த நாலுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். 22 லட்சம் கையிருப்போடு கோடிக்கு மேல் போவது, மனை முழுவதையும் அந்த ஒரு கம்பெனியின் ஆள்சேர்ப்பு மீது வைப்பது மாதிரி. உங்கள் நிலையில் நான் உள்நாட்டுப் பள்ளியைத்தான் முதலில் பார்ப்பேன்.

டைப் ரேட்டிங்குக்குப் பணத்தைத் திட்டத்தில் வையுங்கள், ஆனால் சிபிஎல் வந்த கையோடு செலவழிக்காதீர்கள். ஏர்பஸ் ஏ320-க்கு 15 லட்சத்தைச் சுற்றி, இடத்துக்கு இடம் அதற்கு மேலும் கேட்பார்கள். இண்டிகோவில் ஏ320 வகையும் ஏடிஆரும், ஆகாசாவில் போயிங் 737 மேக்ஸ், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் 737-ம் ஏ320-ம். தப்பான வகையை முன்கூட்டியே எடுத்தால் அடுத்த அழைப்பு வேறு வகைக்கு வரும். எடுத்துவிட்டுப் பறக்காமல் இருந்தால் அதையும் சிமுலேட்டரில் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏர்லைன் எழுத்துத் தேர்வும் நேர்காணலும் முடிந்து வகை உறுதியான பிறகு எடுப்பதே பாதுகாப்பு.

காத்திருக்கும் காலத்துக்கும் பட்ஜெட் வேண்டும். ஐஆர் 12 மாதம்தான் செல்லும். கிளாஸ் 1-ம் இந்த வயதில் 12 மாதம். இரண்டையும் உயிரோடு வைக்க வருடா வருடம் செலவு. 2023-ல் மட்டும் டிஜிசிஏ 1,622 சிபிஎல் கொடுத்தது. பைலட் பற்றாக்குறை என்று 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ரத்தானபோது எல்லாரும் பேசினார்கள். புதிய ஓய்வு விதிகளால் ஆள் தேவை கூடியது உண்மைதான். ஆனால் ஏர்லைன்களுக்கு உடனே கிடைக்காதவர் கேப்டன். அதற்கு ஏடிபிஎல் (சிபிஎல்லுக்கு அடுத்த உயர் லைசென்ஸ்) வேண்டும், 1,500 மணி வேண்டும். 200 மணிக்காரர்கள் வரிசையில் நிறைய இருக்கிறார்கள். லைசென்ஸ் வந்த நாளிலிருந்து ஒரு வருடம் சம்பளம் இல்லாமல் வீடு ஓடுமா என்று கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். அந்த வருடத்துக்காக அஞ்சல் வழியில் ஒரு டிகிரியும் பதிவு செய்து வைக்கலாம், செலவு குறைவு.

கண் விஷயத்தை மற்றவர் சொல்லட்டும்.

---

நேவிகேஷன்_வகுப்பு

மைனஸ் 1.5-க்கு லேசிக் வேண்டவே வேண்டாம் சார். கண்ணாடியோடு பார்வை தேவையான அளவுக்கு வந்தால் கிளாஸ் 1 கிடைக்கும், கண்ணாடி போட்டுப் பறக்க வேண்டும், மாற்றுக் கண்ணாடி ஒன்று கூடவே இருக்க வேண்டும் என்று சான்றில் எழுதுவார்கள், அவ்வளவுதான். இந்த வயதில் பவர் இன்னும் மாறிக்கொண்டிருக்கும். அறுவை செய்தால் அதன் அறிக்கைகளையும் காட்டி, நிலைப்படும்வரை காத்திருந்து, கூடுதல் பரிசோதனைக்குப் போக வேண்டியிருக்கும். இல்லாத தடையை நாமே உண்டாக்குவதாகிவிடும்.

ஊரிலேயே கண் டாக்டரிடம் இஷிஹாரா புத்தகத்தில் நிறப் பரிசோதனை செய்துவிட்டு, புதிய பவருக்கு இரண்டு கண்ணாடி வாங்குங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறாள் என்றால் மெடிக்கலுக்குச் சில நாள் முன்பே நிறுத்தட்டும். பழைய மருத்துவ அறிக்கை எதுவானாலும் மறைக்காமல் ஃபைலில் வைத்துக் கொண்டுபோங்கள். கிளாஸ் 2-ல் எழுதியதும் கிளாஸ் 1-ல் எழுதுவதும் ஒன்றாக இருக்க வேண்டும்.